மஞ்சள் சணல் சுற்றிய அணுகுண்டு

பக்கெட் மூன்றடி தூரத்தில்தான் இருந்தது. நீல பக்கெட், பிடி உடைந்து கம்பி கட்டியது, எதிர்வீட்டு ஜோதி அத்தையுடையது. அதில் முக்கால்வாசி தண்ணீர் இருந்தது. "அத்தை, கொஞ்சம் பக்கெட் குடுங்க" என்று நான் கேட்டிருந்தால் அவர் மகன் பிரபு அண்ணன் மேல் கேஸ் விழுந்திருக்காது. நான் கேட்கவில்லை.

எங்கள் வீடு மயிலாப்பூரில், கால்வாயை ஒட்டிய ஹவுசிங் போர்டு குடியிருப்பில், முதல் மாடியில் இருக்கிறது. எங்கள் வாசலுக்கு நேர் எதிரே ஜோதிலட்சுமி அத்தையின் வாசல். இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கும் அகலம்தான். பிரபு அண்ணன் மூன்று வருடமாகப் போலீஸ் வேலைக்கு எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை போய்விட்டது. மூன்றாவது தடவை எழுத்துத் தேர்வில் தேறி, ஓட்டத்தில் தேறி, கயிறு ஏறுவதிலும் தேறிவிட்டார். தினமும் விடிகாலையில் மெரினாவுக்கு ஓடப் போவார். அவர் படியிறங்கும் சத்தத்தில்தான் நாங்கள் எழுந்திருப்போம். ஜோதி அத்தை இப்போதே தண்ணீர் லாரியில் வரிசைச் சண்டை வந்தால், "எம்புள்ள யாரு தெரியுமில்ல?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்.

எங்களுக்கு அந்த வருடம் தீபாவளி இல்லை. அப்பா ஆடி மாதக் கடைசியில் இறந்துபோனார். சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, புதுத்துணி எடுக்கக் கூடாது, பட்டாசு வெடிக்கக் கூடாது. பலகாரம் மட்டும் மற்றவர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். எங்களுக்கு முதலில் கொடுத்தது ஜோதி அத்தைதான். அதிரசமும் முறுக்கும் எவர்சில்வர் டப்பாவில் வைத்து, "தேவானை, இதத் துன்னாம வச்சிக்கினு அழுதுகினு குந்தாதே" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த அதிரசத்தில் நான் மூன்று சாப்பிட்டேன். அன்று சாயங்காலம்தான் அந்தக் காரியம் செய்தேன்.

அப்பா தி.நகரில் ஒரு துணிக்கடை கோடவுனில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். பெயர் தணிகாசலம். வருடத்துக்கு ஒரு முறை அவர் தனக்கென்று வாங்கும் பொருள் ஒரு பெட்டி அணுகுண்டு. மத்தாப்பு, சங்குசக்கரம் எல்லாம் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்பார். அணுகுண்டுக்கு மட்டும் ஊதுபத்தியை என் கையில் கொடுப்பார். நான் பற்றவைத்துவிட்டு ஓடி வந்து அவர் லுங்கிக்குப் பின்னால் நிற்பேன். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. வகுப்பில் எழுந்து நின்று பாடம் படி என்றால் எழுத்தெல்லாம் தெரியும், குரல் வராது. ஆனால் அந்த வெடிச்சத்தம் எனக்குப் பிடிக்கும். வெடித்த பிறகு கொஞ்ச நேரம் காது கொய்யென்று இருக்கும். அந்த நேரத்தில் யாரும் யாரையும் கேள்வி கேட்க முடியாது.

அப்பாவுக்குக் கிட்னி போனபோது நான் பத்தாவது. ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஆள் வேண்டும், அம்மா வீட்டு வேலையை விட்டால் சாப்பாடு இல்லை. நான் இருக்கிறேன் என்று பள்ளிக்கூடத்தை நிறுத்திக்கொண்டேன். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். இனி எழுந்து நின்று படிக்க வேண்டாம் என்ற நிம்மதியும் எனக்கு இருந்தது என்பதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது வீட்டிலிருந்தே ரவிக்கைகளுக்கு ஹூக் தைத்துக் கொடுக்கிறேன்.

அப்பாவை எடுத்துக்கொண்டு போன அன்று எங்கள் பகுதி வழக்கப்படி வண்டிக்கு முன்னால் பூவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே, மேளத்தோடு, வெடி வெடித்துக்கொண்டு போனார்கள். வெடி போட்டது அப்பாவின் கூட்டாளி வேலு சித்தப்பா. "எங்கண்ணனுக்கு சரம்லாம் வேணாம், குண்டுதான்" என்று எங்கிருந்தோ ஒரு பை நிறைய வாங்கி வந்திருந்தார். லேபிள் எதுவும் கிடையாது. கடையில் விற்பதில் பச்சைச் சணல் சுற்றியிருக்கும், இதில் மஞ்சள் சணல். பொம்பளைகள் நாங்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். அங்கே நின்றபோது ஒரு குண்டு வெடிக்காமல் உருண்டு வந்து என் காலடியில் நின்றது. திரி பாதியில் அணைந்திருந்தது. மேலே சாமந்தி இதழ் ஒட்டியிருந்தது. எல்லோரும் வண்டியைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்கள். நான் குனிந்து எடுத்துத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டேன்.

சாவு வெடியை வீட்டுக்குள் கொண்டுவருவது எவ்வளவு பெரிய தப்பு என்று எங்கள் குடியிருப்பில் குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் அதை ஹூக் போட்டுவைக்கும் பிஸ்கட் டப்பாவுக்குள் மூன்று மாதம் வைத்திருந்தேன். பக்கத்தில்தான் கேஸ் அடுப்பு.

தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் போலீஸ் ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தது. காலையில் ஆறிலிருந்து ஏழு, சாயங்காலம் ஏழிலிருந்து எட்டு, அதற்கு முன்னேயும் பின்னேயும் வெடித்தால் வழக்கு, ஆஸ்பத்திரி பக்கம் பள்ளிக்கூடம் பக்கம் வெடிக்கக் கூடாது, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ள வேண்டும். கீழ்வீட்டு டில்லிபாபு மாமா ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே, "ரேஷன்ல சர்க்கரை மாரி வெடிக்கும் அளவு வச்சிட்டானுங்கோ. கார்டு எடுத்தாரணுமா சார்?" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். பிரபு அண்ணன் மட்டும், "மாமா, சொம்மா இரு. நெஜமாவே கேஸ் போடறாங்க" என்றார். "வந்துட்டாருப்பா கமிஷனரு" என்றார் மாமா.

தீபாவளி அன்று சாயங்காலம் அம்மா லஸ்ஸில் வேலை செய்யும் வீட்டுக்குப் போயிருந்தாள். விருந்தாளிகள் வந்திருந்தார்கள், பாத்திரம் அதிகம். நான் தனியாக இருந்தேன். வெளியே ஏழு மணிக்குத் தொடங்கிய சத்தம் நிற்கவில்லை. அப்பா படத்துக்கு முன்னால் ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது. நான் டப்பாவைத் திறந்தேன். குண்டின் திரி கட்டையாகிவிட்டிருந்ததால் மேலே இரண்டு சுற்று சணலைப் பிரித்து, உள்ளே இருந்த திரியை நகத்தால் கொஞ்சம் வெளியே இழுத்தேன். பிரித்த சணலைத் தூக்கிப்போட மனமில்லாமல் டப்பாவிலேயே போட்டேன். ஊதுபத்தியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். அப்போது மணி ஏழு ஐம்பது. நேரத்துக்குள்தான் வெடிக்கிறேன், தப்பில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அடிபம்புக்குப் பின்னால், கால்வாய்ச் சுவரோரம், விளக்கு வெளிச்சம் விழாத இடத்தில் வைத்துப் பற்றவைத்தேன். புஸ்ஸென்று கொஞ்சம் நெருப்பு சீறியது. அப்புறம் ஒன்றுமில்லை. நூறு வரை எண்ணினேன். வெடிக்கவில்லை.

ஆறாவது படிக்கும்போது தீயணைப்புக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து செய்து காட்டியிருக்கிறார்கள். வெடிக்காத வெடி செத்த வெடி இல்லை, கிட்டே போகாதே, எட்ட நின்று ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்று. அது எனக்கு அப்படியே ஞாபகம் வந்தது. பம்படியில் ஜோதி அத்தை முறுக்குச் சட்டியைத் தேய்த்துக்கொண்டு, பக்கத்தில் பக்கெட்டை வைத்துக்கொண்டு, இரண்டு பேரோடு பேசிக்கொண்டிருந்தார். பக்கெட் கேட்டால் எதற்கு என்பார். வெடிக்கு என்று சொல்ல வேண்டும். சாவு வீட்டுப் பெண் வெடி வெடிக்கிறாளா என்று மூன்று பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். வாய் திறந்தேன், மூடிக்கொண்டேன். காலடியில் ஒரு கொட்டாங்கச்சி கிடந்தது. யாரும் பார்க்காதபடி அதைக் குண்டின் மேல் கவிழ்த்துவிட்டு மேலே போய்விட்டேன்.

சணல் உள்ளே கனன்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. கொட்டாங்கச்சி கவிழ்த்தால் பிள்ளைகள் ஓடி வரும் என்றும் தோன்றவில்லை. கொட்டாங்கச்சிக்குள் வெடி வைத்து அது பறப்பதைப் பார்ப்பது அதுகளுக்கு எவ்வளவு பிடிக்கும்!

எட்டு அடித்ததும் சத்தம் குறைந்தது. நான் படிக்கட்டு ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன். நாலைந்து பொடிசுகள் சுவரோரம் குனிந்திருப்பதைப் பார்த்தேன். "டேய், பொக வருதுடா" என்று ஒன்று கத்தியது. கத்தியிருக்க வேண்டும். அதற்குள் பம்படிப் பக்கமிருந்து பிரபு அண்ணன் பாய்ந்து வந்தார். "நவுருங்கடா!" என்று ஒருத்தனைப் பிடித்துத் தள்ளினார். கொட்டாங்கச்சியோடு சேர்த்து ஒரே உதை. குண்டு சுவரில் பட்டு அங்கேயே வெடித்தது. அவ்வளவு சத்தமாக எங்கள் குடியிருப்பில் அன்று எதுவும் வெடிக்கவில்லை.

வளைவில் அப்போதுதான் போலீஸ் பைக் திரும்பியது.

"எட்டே கால் ஆவுது. இன்னாடா வெடி இப்போ?" என்றார் இறங்கிய காவலர்.

"சார், நான் வைக்கல சார். எவனோ வச்சிட்டுப் போய்க்கிறான். பசங்க கிட்ட போச்சின்னு உதைச்சேன்."

"எவனோ வச்ச வெடிய நீ எதுக்கு உதைக்கிற? கால் தூக்கனத நானே பார்த்தேன்."

"சார், நான் செலக்‌ஷன்ல கீறேன் சார். கான்ஸ்டபிள் லிஸ்ட்ல பேர் வந்துக்குது."

"அப்போ ரூல் உனக்கு எங்களவிட நல்லாத் தெரியணுமே. வண்டில ஏறு."

ஜோதி அத்தை ஈரக் கையோடு ஓடி வந்து பைக்கை மறித்தார். பிள்ளைகள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் ஓடிவிட்டிருந்தன. நான் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினெட்டுப் படி. இறங்கிப் போய் மூன்று வார்த்தை சொன்னால் போதும். பைக் போன பிறகும் நான் அங்கேயேதான் நின்றிருந்தேன்.

அன்றே ஸ்டேஷன் ஜாமீனில் விட்டுவிட்டார்கள். ஆனால் எஃப்.ஐ.ஆர். போட்டாகிவிட்டது. மறுநாள் பம்படியில் எல்லோரும் யோசனை சொன்னார்கள். டில்லிபாபு மாமா சொன்னதைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். "இது ஒரு மேட்டராமே? சிக்னல் தாண்டினா கட்டறமே, அத்த மாரிதான். கோர்ட்டுக்குக் கூப்டுவான். ஆமா ஐயான்னு ஒத்துக்கோ, ஃபைன் கட்டு, சலாம் போட்டுட்டு வந்துகினே இரு. கேஸும் முடிஞ்சிது, கதையும் முடிஞ்சிது. இல்லன்னு சொன்னாத்தான் வருஷக்கணக்கா இஸ்துகினு போவான்."

நான் படியில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். எனக்கு மூச்சு வந்தது. ஃபைனோடு போய்விடும் என்றால் நான் எதற்குச் சொல்ல வேண்டும்? சொன்னால் அம்மாவுக்குச் சாவு வெடி விஷயம் தெரியும். யாருக்கும் நஷ்டமில்லாமல் முடியப்போவதை நானே ஏன் கிளற வேண்டும்? அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். வெடியை வைத்ததைவிட அப்படித் தூங்கியதுதான் இப்போது எனக்கு அதிகமாக உறுத்துகிறது.

பதினோராவது நாள் பிரபு அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு ஃபாரம். எங்கள் மாடியில் யாருக்கு ஃபாரம் வந்தாலும் என்னிடம்தான் வரும். பேச்சு வராவிட்டாலும் கையெழுத்து நன்றாக இருக்கும்.

"வைதேகி, போலீஸ் வெரிஃபிகேஷன் வந்துக்குது. முத்து முத்தா ரொப்பிக் குடு. நான் எழுதினா டாக்டர் சீட்டு மாரி கீது" என்று சிரித்தார்.

பெயர், தகப்பனார் பெயர், படித்த பள்ளி எல்லாம் எழுதினேன். பன்னிரண்டாவது கேள்விக்கு வந்ததும் பேனா நின்றது. உங்கள் மீது குற்ற வழக்கு ஏதும் பதிவாகியுள்ளதா? நிலுவையில் உள்ளதா? நீதிமன்றத்தால் எப்போதேனும் தண்டிக்கப்பட்டுள்ளீரா, அபராதம் உட்பட? கீழே தடித்த எழுத்தில், தகவலை மறைப்பது தெரியவந்தால் தேர்வு ரத்து செய்யப்படும் என்று இருந்தது.

"இன்னா நின்னுட்ட?"

நான் ஃபாரத்தைத் திருப்பிக் காட்டினேன். அவர் குனிந்து விரல் வைத்துப் படித்தார். 'அபராதம் உட்பட' என்ற இடத்தில் விரல் நின்றது. மறுபடி படித்தார். அப்புறம் அங்கேயே, எங்கள் வாசப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஃபைன் கட்டினாலும் கணக்காமே," என்றார். "அப்போ ஒத்துக்கினா அவ்ளோதான். ஒத்துக்கலைன்னா கேஸு நிக்கிது, அதுவும் எழுதணும். இல்லன்னு போடேன் வைதேகி. எவன் பாக்கப் போறான்?"

"பாப்பாங்க," என்றேன்.

"மூணு வருஷம். தெனம் ஓடிக்கினு... எந்தப் பேமானி வச்சான்னு மட்டும் தெரிஞ்சிது..."

"நான்தான்."

அவர் காதில் விழவில்லை போலிருந்தது. இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. "அண்ணா, அந்த வெடிய வச்சது நான்தான்."

என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "நீயா? பால்காரங்கிட்ட பாக்கெட் கொறையுதுன்னு சொல்லத் தெரியாது ஒனக்கு. நீ குண்டு வச்சியா? வேணாம்மா. நல்ல மனசு ஒனக்கு, வுடு."

எனக்கு அழுகையும் கோபமும் வந்தன. என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நெஜமா நான்தான்" என்று நான் சொல்லச் சொல்ல அவர் எழுந்து போய்விட்டார். ஜோதி அத்தை எட்டிப் பார்த்தார். அவர் மூலம் கீழ்வீடு, கீழ்வீட்டிலிருந்து பம்படி. அம்மா வேலையிலிருந்து வருவதற்குள் டில்லிபாபு மாமா கதையை முடித்துவிட்டிருந்தார். "தானே வச்சேன்னு சொல்லுதுன்னா இன்னா அர்த்தம்? லவ்வுமே! நம்ம தணிகாசலம் பொண்ணுக்குக்கூட வாய் வந்துட்ச்சி பாரு."

அம்மா கதவைச் சாத்திவிட்டு என் முன்னால் நின்றாள். "இன்னாடி சொல்லிக்கினு திரியற? எதிர்வூட்டுப் பையன எதுக்குடி இஸ்துக்கிற? ஒங்கப்பன் போயி மூணு மாசந்தான் ஆவுது. நம்ம வூட்ல ஏதுடி வெடி?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. பிஸ்கட் டப்பா அவள் காலடியில்தான் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா அதை லவ்வுக்கு ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டாள்.

காலையில் ஜோதி அத்தை வந்து கதவைத் தட்டினார். எங்களுக்குப் பலகாரம் கொடுத்த முகமாக அது இல்லை. "வைதேகி, லவ்வு கிவ்வுன்னு எவனோ சொன்னத நான் கேக்கல. நீதான் வச்சேன்னா வா, வந்து ஸ்டேஷன்ல சொல்லு. பொய்யின்னா இப்பவே சொல்லிடு. எம்புள்ளைக்கு இன்னும் நாலு நாள்தான் டைம். ஃபாரம் குடுக்கணும்."

நான் டப்பாவை எடுத்துக்கொண்டேன். அப்போது கண்ணில் பட்டது அது. பிரபு அண்ணனின் ரப்பர் செருப்பு, எதிர் வாசலில், தீபாவளியிலிருந்து அப்படியே கிடந்தது. வலது செருப்பின் முனை உருகிக் கருகியிருந்தது. அந்த உருகலில் மயிர் மாதிரி மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. அந்தச் செருப்பையும் எடுத்தேன்.

"செருப்ப எதுக்குமே தூக்கற?" என்றார் அத்தை. நான் அதையும் டப்பாவையும் மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினேன். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்தாள், நான் சொல்வதைப் பொய்யென்று சொல்வதற்காக.

ஸ்டேஷனில் மர்சலின் என்ற எஸ்.ஐ. மேடம் இருந்தார். கழுத்தில் மெல்லிய சிலுவைச் செயின். அந்த அறையில் எங்களையும் சேர்த்து எட்டுப் பேர். அத்தை வரச்சொல்லியிருந்த பிரபு அண்ணன் சுவரோரம் நின்றார்.

"வயசு என்ன?"

"பதினேழு."

"படிக்கிறியா?"

"நின்னுட்டேன்."

"இந்தத் தம்பிக்காகச் சொல்றியா?"

"இல்ல மேடம்."

அம்மா குறுக்கே வந்தாள். "மேடம், எங்க வூட்ல இந்த வருஷம் பட்டாசே கெடையாது. எங்க வூட்டுக்காரர் பூட்டாரு. இது பயந்தாங்கொள்ளி மேடம், ஊதுவத்தி பத்த வைக்கவே கை நடுங்கும். எவனோ ஏத்தி விட்டுக்கீறான்."

மேடம் என்னைப் பார்த்தார். "வெடி எங்க வாங்கின? யார் வாங்கிக் குடுத்தா? அத சொல்லு, நம்பறேன்."

நான் டப்பாவைத் திறந்து மேசைமேல் கவிழ்த்தேன். ஹூக்குகள் சிதறின. நடுவில் சுருண்டு கிடந்த மஞ்சள் சணலை எடுத்துச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். மேடம் பேனா முனையால் செருப்பில் இருந்த இழையைக் கிளறிப் பார்த்தார். இரண்டும் ஒரே நிறம், ஒரே முறுக்கு.

"வாங்கல மேடம்," என்றேன். "எங்கப்பாவ எடுத்துக்கினு போனப்ப, வேலு சித்தப்பா போட்டது. ஒண்ணு வெடிக்கல. நான் எடுத்து வச்சிக்கினேன்."

பின்னால் அம்மாவின் மூச்சு நிற்பது எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

"எப்ப பத்த வச்ச?"

"ஏழு அம்பது. வெடிக்கல. தண்ணி ஊத்தணும்னு தெரியும். ஊத்தல. கொட்டாங்கச்சி போட்டு மூடிட்டேன்."

"தெரிஞ்சே விட்டுட்ட," என்றார் மேடம். "எடுத்த பசங்க கையில வெடிச்சிருந்தா? ரெண்டு விரல் போயிருக்கும். கண்ணு போயிருக்கும். அந்தத் தம்பி உதைக்கலன்னா நீ இன்னைக்கு வேற கேஸுக்கு வந்திருப்ப." குரலை உயர்த்தவில்லை. ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். "எழுது. எழுதிட்டு நீயே சத்தமாப் படி. எல்லாருக்கும் கேக்கணும்."

எழுதுவது கஷ்டமாக இல்லை. ஒன்றரைப் பக்கம் வந்தது. பிறகு எழுந்து நின்றேன். முதல் வரியில் குரல் வரவில்லை. "கேக்கல" என்றார் மேடம். மறுபடி தொடங்கினேன். என் பெயர் வைதேகி, தகப்பனார் பெயர் தணிகாசலம் என்று தொடங்கி, பக்கெட், கொட்டாங்கச்சி, ஜன்னல், பதினெட்டுப் படி, ஃபாரத்தின் பன்னிரண்டாவது கேள்வி எல்லாவற்றையும் படித்தேன். ஃபைனோடு போய்விடும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டதையும் எழுதியிருந்தேன். அதைப் படிக்கும்போது பிரபு அண்ணன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

மேடம் தாளை வாங்கி ஃபைலில் வைத்தார். "சார்ஜ்ஷீட் இன்னும் போகல. இன்ஸ்பெக்டர் கிட்ட வைக்கிறேன். கேஸ கைவிடறதும் விடாததும் அவர் முடிவு. நான் உறுதி எதுவும் சொல்ல முடியாது. தம்பி, ஃபாரத்துல உள்ளது உள்ளபடி எழுது. செய்யாத தப்ப ஒத்துக்கிட்டு ஃபைன் மட்டும் கட்டிடாத. யாரு அந்த யோசனைய சொன்னது?"

"ஊரே சொல்லிச்சு மேடம்," என்றார் ஜோதி அத்தை.

வெளியே வந்ததும் பிரபு அண்ணன் செருப்பைக் கையில் வாங்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார். அத்தை அவர் பின்னால் ஓடினார். நானும் அம்மாவும் கச்சேரி ரோடு வழியாக நடந்தோம். ஆவின் பூத் வரைக்கும் அம்மா எனக்கு முன்னால் விடுவிடென்று நடந்தாள்.

"ஊதுவத்தி ஏது?" என்றாள் திடீரென்று.

"அப்பா படத்துக்கு முன்னாடி இருந்தது."

நின்றுவிட்டாள். பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் ஹாரன் அடித்துவிட்டுச் சுற்றிப் போனார். சாவு வெடியை வீட்டுக்குள் வைத்ததற்காக அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அதெல்லாம் எங்கிட்ட சொல்லாதது போவட்டும். பக்கத்துல நிக்கிறவகிட்ட ஒரு பக்கெட்டு தண்ணி கேக்கறதுக்கு இன்னாடி ஒனக்கு?"



அன்று சாயங்காலம் பிரபு அண்ணன் ஃபாரத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். உட்காரவில்லை. பன்னிரண்டாவது கேள்விக்கு நேரே 'ஆம்' என்று எழுதினேன். வழக்கு எண்ணை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். விவரம் என்ற இடத்தில், பற்றவைத்தவர் தானே முன்வந்து வாக்குமூலம் கொடுத்திருக்கிறார் என்று என் பெயரை எழுதினேன். அவர் ஒருமுறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"அண்ணா..." என்றேன்.

"கடைசி லிஸ்ட் வரட்டும்," என்றார். "அதுக்கப்பறம் பேசலாம். இப்ப ஒங்கூட பேசினா இன்னா பேசுவேன்னு எனக்கே தெரியல."

இது நடந்து முப்பத்திரண்டு நாள் ஆகிறது. இன்ஸ்பெக்டரிடமிருந்து தகவல் இல்லை. கடைசி லிஸ்டும் வரவில்லை. ஜோதி அத்தை பம்படியில் என் அம்மாவுடன் பேசுகிறார், என்னைப் பார்த்தால் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். பிள்ளைகள் மட்டும் என்னைக் கண்டால் "அணுகுண்டு அக்கா" என்று கத்திவிட்டு ஓடுகின்றன.

விடிகாலையில் எதிர்வீட்டுக் கதவு திறக்கும் சத்தத்துக்காக நான் முன்னதாகவே விழித்துக் காத்திருக்கிறேன். தாழ்ப்பாள் சத்தம் முதலில் வரும். அப்புறம் ஷூ லேஸை இழுத்துக் கட்டும் சத்தம். படியில் தடதடவென்று கால். பதினெட்டும் இறங்கி, பம்படி தாண்டி, கால்வாய்ச் சுவரோரமாக அந்தச் சத்தம் தேயும்வரை கேட்கிறேன். இன்றைக்கும் ஓடப் போயிருக்கிறார். ஒரு நாள் அந்தக் கதவு திறக்காமல் போனால் அது ஏன் என்று இந்தக் குடியிருப்பில் முதலில் எனக்குத்தான் தெரியும்.